என்.கே. செல்கள் மற்ற செல்களை எப்படி அடையாளம் காண்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோய் எதிர்ப்பியல் பாடம் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து, என்.கே. (நேச்சுரல் கில்லர், அதாவது இயற்கைக் கொல்லி) செல் பகுதி வந்தாலே ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. வகுப்பில் கேட்பவர்கள் மாணவர்கள். வகுப்புக்கு வெளியே, கையில் ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு வரும் உறவினர்களும் தெரிந்தவர்களும். இரு தரப்பும் கேட்டதை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் ஆறு கேள்விகளை வரிசையாகப் படித்துவிட்டால் பின்னால் வருபவை எளிதாகப் புரியும்.

1. என்.கே. செல்னா என்ன? அது டி செல்லா, பி செல்லா?

இரண்டும் இல்லை. லிம்போசைட் என்ற வெள்ளணுக் குடும்பத்தில் இது இன்னொரு கிளை. ரத்தத்தில் ஓடும் லிம்போசைட்டுகளில் சுமார் 5 முதல் 15 சதவீதம் இவைதான். வைரஸ் புகுந்த செல்லையும் புற்றாக மாறிய செல்லையும் நேரடியாகக் கொல்வது இவற்றின் முக்கிய வேலை. இலக்குச் செல்லோடு ஒட்டி நின்று, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் சவ்வில் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதிகளை உள்ளே அனுப்பும். அதன்பின் அந்தச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

டி செல் தன் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டித் தனக்கென்று ஒரு ஏற்பியை (மேற்பரப்பில் நின்று இலக்கைப் பிடிக்கும் புரதம்) உருவாக்கிக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரு குறிப்பிட்ட இலக்கு. என்.கே. செல் அப்படி வெட்டி ஒட்டுவதில்லை. பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக்கள் அப்படியே தரும் பல வகை ஏற்பிகளில் சிலவற்றைக் கலந்து அணிந்துகொள்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கீழே உள்ள பாதிக் கேள்விகள் பிறக்கின்றன.

2. "இயற்கைக் கொல்லி"ன்னு ஏன் பேரு?

1970களின் தொடக்கத்தில், எலிகளுக்குப் புற்றுச் செல்லை அறிமுகப்படுத்தி, அதன்பின் அவற்றின் வெள்ளணு அந்தப் புற்றைக் கொல்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பிடுவதற்காக வைத்திருந்த, எந்தப் புற்றையும் பார்த்திராத எலிகளின் வெள்ளணுக்களும் கொன்றன. பலர் இதைச் சோதனைப் பிழை என்றே நினைத்தார்கள். 1975இல் ஸ்டாக்ஹோமில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா க்ளெய்ன், ஹான்ஸ் விக்ஸெல் ஆகியோரும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மன் குழுவும் இது தனி வகைச் செல்லின் வேலை என்று காட்டினார்கள். முன்பயிற்சி இல்லாமல் இயல்பாகவே கொல்வதால் அந்தப் பெயர்.

3. கண்ணா மூக்கா, எதுவுமே இல்லை. ஒரு செல் இன்னொரு செல்லை எப்படிப் "பார்க்கும்"?

தொட்டுத்தான். தூரத்திலிருந்து அடையாளம் காண்பது என்பது இதில் இல்லை. இரண்டு செல்களும் உரசி நிற்கும்போது சவ்வுகளுக்கு இடையே பத்துப் பதினைந்து நானோமீட்டர் இடைவெளிதான் இருக்கும். என்.கே. செல்லின் ஏற்பிகள் ஒரு பக்கமிருந்தும், எதிர்செல்லின் மேற்பரப்புப் புரதங்கள் மறுபக்கமிருந்தும் அந்த இடைவெளிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். வடிவமும் மின்னூட்டமும் பொருந்தினால் ஒட்டும், இல்லாவிட்டால் இல்லை.

ஒட்டினாலும் அது பசை போட்டது மாதிரி நிற்காது. பெரும்பாலான ஏற்பிகள் சட்டென்று பிடித்துச் சட்டென்று விடும். ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான ஏற்பிகள் பிடித்து விட்டுக்கொண்டே இருக்கும்போது உள்ளே சேரும் சமிக்ஞையின் மொத்தத்தைத்தான் செல் எடுத்துக்கொள்கிறது. ஒரு தொடுகையை வைத்து முடிவெடுப்பதில்லை.

4. எச்.எல்.ஏ.ன்னா சிறுநீரக மாற்றுக்குப் பொருத்தம் பார்ப்பாங்களே, அதுவா?

அதுவேதான். உடலில் உட்கரு உள்ள ஏறத்தாழ எல்லாச் செல்களும் எச்.எல்.ஏ. முதல் வகைப் புரதங்களை மேற்பரப்பில் வைத்திருக்கின்றன. எச்.எல்.ஏ-ஏ, எச்.எல்.ஏ-பி, எச்.எல்.ஏ-சி மூன்றும் முக்கியமானவை. செல்லுக்குள் உடையும் புரதங்களிலிருந்து 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகளை எடுத்து, தம் பள்ளத்தில் பொருத்தி, வெளியே காட்டுவது அவற்றின் வேலை. டி செல் அந்தத் துண்டைப் படித்து, உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும்.

வைரஸின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். டி செல்லிடமிருந்து தப்ப எளிய வழி, எச்.எல்.ஏ.வையே மேலே வரவிடாமல் தடுப்பது. பல வைரஸ்களும் புற்றுச் செல்களும் இதைத்தான் செய்கின்றன. என்.கே. செல் இல்லாவிட்டால் அதோடு கதை முடிந்திருக்கும்.

5. எதிரியோட அடையாளம் இருந்தா அடிக்கும், சரி. ஒண்ணு "இல்லை"ங்கிறதை எப்படி அடையாளம் காணும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் தெருவில் விடிந்ததும் வாசல்தோறும் கோலம் இருக்கும். யாரும் நின்று கோலத்தைப் படிப்பதில்லை. ஆனால் ஒரு வீட்டு வாசலில் மட்டும் கோலம் இல்லையென்றால், எதிர்வீட்டுப் பாட்டிக்கு உடனே தெரிந்துவிடும். "என்னாச்சு அந்த வீட்டுல?" என்று எட்டிப் பார்ப்பார். எச்.எல்.ஏ. அந்தக் கோலம்.

ஸ்வீடனைச் சேர்ந்த கிளாஸ் கேர்ரே 1981இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இந்த எண்ணத்தை முன்வைத்தார்: என்.கே. செல் அந்நியத்தைத் தேடவில்லை, "தன்னுடையது" காணாமல்போயிருப்பதைத் தேடுகிறது. 1986இல் அவரும் ஹான்ஸ்-குஸ்தாவ் யூங்கிரனும் கூட்டாளிகளும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரே எலி லிம்போமாவின் (லிம்போசைட் புற்று) இரண்டு வடிவங்கள். ஒன்றில் எச்.எல்.ஏ.வுக்கு இணையான எலிப் புரதம் நிறைய, மற்றதில் மிகக் குறைவு. புரதம் குறைந்த வடிவத்தை எலிகள் ஒதுக்கித் தள்ளின. புரதம் நிறைந்த வடிவம் வளர்ந்தது. அதுவரை படித்த பாடத்தின்படி நேர் எதிராக நடந்திருக்க வேண்டும்.

இது எந்தப் புரதத்தால் நடக்கிறது என்பது 1992இல் தெரிந்தது. வேய்ன் யோகோயாமா குழு எலியின் என்.கே. செல்லில் எல்.ஒய்.49ஏ என்ற ஏற்பியைக் காட்டியது. எதிர்செல்லில் உரிய புரதத்தைப் பிடித்ததும் அது உள்ளே "நில்" என்று சொல்லும். மனிதரில் அதே வேலையைச் செய்யும் ஏற்பிக் குடும்பத்துக்குக் கிர் என்று பெயர். ஆக, என்.கே. செல் "இல்லாமை"யைப் பிடிப்பதில்லை. இருக்க வேண்டிய "நில்" வராமல் போவதுதான் அதற்குத் தெரிகிறது.

6. சிவப்பணுவில எச்.எல்.ஏ. கிட்டத்தட்ட இல்லவே இல்லையே. அதை ஏன் விட்டுவைக்குது?

இந்தக் கேள்வி வந்தால், அந்த மாணவருக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். "நில்" இல்லாதது மட்டும் போதாது. "அடி" என்றும் யாராவது சொல்ல வேண்டும். சிவப்பணுவில் நிறுத்தும் புரதமும் இல்லை, தூண்டும் புரதமும் போதுமான அளவில் இல்லை. காலி மனையில் கோலம் இல்லை என்று யார் பதறுவார்கள்? கோலமும் இல்லாமல், சன்னலில் புகையும் வந்தால்தான் கதவைத் தட்டுவார்கள்.

7. அந்தப் "புகை" என்ன? தூண்டுற புரதங்களோட பேரு சொல்லுங்க.

நிறைய இருக்கின்றன. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மைக்-ஏ, மைக்-பி. நலமான செல்லில் இவை குறைவு. வெப்பம், டி.என்.ஏ. சேதம், வைரஸ் தொற்று, புற்றாக மாறுதல் என்று செல் அவதிப்படும்போது மேற்பரப்பில் கூடும். என்.கே. செல்லில் உள்ள என்.கே.ஜி.2டி என்ற ஏற்பி இவற்றைப் பிடிக்கும். யு.எல்.பி.பி. என்ற இன்னொரு குடும்பத்தையும் அதே ஏற்பிதான் பிடிக்கிறது. மைக்-ஏ பார்ப்பதற்கு எச்.எல்.ஏ. மாதிரியே இருக்கும், அதன் ஜீனும் 6ஆம் குரோமோசோமில் எச்.எல்.ஏ-பிக்குப் பக்கத்தில்தான். ஆனால் எந்தத் துண்டையும் ஏந்திக் காட்டுவதில்லை. செல் தரும் அபாயச் சங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து டினாம்-1 என்ற ஏற்பி. இது பிடிக்கும் புரதங்களில் ஒன்று சி.டி.155. போலியோ வைரஸ் மனிதச் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் அதே புரதம்தான். இதில் ஒரு சிக்கல்: டிஜிட் என்ற நிறுத்தும் ஏற்பியும் இதே சி.டி.155ஐப் பிடிக்கும், டினாம்-1ஐவிட இறுக்கமாகவே பிடிக்கும். ஒரே புரதம், பிடிப்பது யார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. இதற்கு அப்பால் என்.கே.பி.30, என்.கே.பி.44, என்.கே.பி.46 என்ற மூன்று இருக்கின்றன. என்.கே.பி.30, சில புற்றுச் செல்களில் தோன்றும் பி7-எச்6 என்ற புரதத்தைப் பிடிக்கும்.

8. "அடி", "நில்" ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா எது ஜெயிக்கும்?

பெரும்பாலும் "நில்". இதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. தூண்டும் ஏற்பிகள் பிடித்ததும், உள்ளே சில புரதங்களில் பாஸ்பேட் ஒட்டப்படும். அந்தப் பாஸ்பேட்தான் சமிக்ஞை. நிறுத்தும் ஏற்பிகளின் வால் பகுதி எஸ்.எச்.பி-1 என்ற நொதியை அழைத்து வரும். அது பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். எழுத எழுதப் பின்னாலேயே அழித்துக்கொண்டு வருவது போல.

இரண்டும் ஒரே தொடுமுனையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் இந்த அழிப்பு நடக்கும். அதனால்தான் ஒரே என்.கே. செல் ஒரு பக்கம் நலமான செல்லைத் தொட்டுக்கொண்டே, இன்னொரு பக்கம் கெட்ட செல்லைக் கொல்ல முடிகிறது. ஆனால் "நில்" எப்போதும் வெல்லும் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். மைக்-ஏ போன்றவை மிக அதிகமாக ஏறிவிட்டால், எச்.எல்.ஏ. இருந்தும் செல் அடிபடலாம்.

9. இதையெல்லாம் லேபில் எப்படிப் பார்ப்பீங்க?

கே-562 என்ற செல் வரிசை இந்தத் துறையில் எல்லோருக்கும் பழக்கம். ஒரு ரத்தப் புற்றுநோயாளியின் செல்களிலிருந்து 1970களில் வளர்த்தது. மேற்பரப்பில் எச்.எல்.ஏ. முதல் வகை இல்லை, தூண்டும் புரதங்கள் நிறைய. ஐந்தாவது, ஆறாவது பதில்களில் சொன்ன இரண்டும் ஒன்றாக அமைந்த இலக்கு.

பழைய முறையில் கே-562 செல்களுக்குக் கதிரியக்கக் குரோமியம்-51ஐ ஊட்டி, நன்றாகக் கழுவி, 96 குழித் தட்டில் என்.கே. செல்களோடு வெவ்வேறு விகிதத்தில் கலந்து 37 டிகிரியில் 4 மணி நேரம் வைப்போம். அப்புறம் தட்டைச் சுழற்றிவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் பிப்பெட்டால் எடுக்க வேண்டும். அடியில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாகச் செல்கள் படிந்திருக்கும். கை கொஞ்சம் இறங்கி அதைத் தொட்டுவிட்டால் அந்தக் குழியின் கணக்கு போயிற்று. செத்த செல்லிலிருந்து கசிந்த குரோமியம் நீரில் இருக்கும், அதை எண்ணினால் எத்தனை சதவீதம் செத்தது என்று வரும். இப்போது பல ஆய்வகங்கள் கதிரியக்கத்தை விட்டுவிட்டு, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்க்கின்றன.

10. எச்.எல்.ஏ. ஆளுக்கு ஆள் மாறும்னு சொல்றீங்க. அப்புறம் கிர் எப்படி எல்லாரிடமும் வேலை செய்யும்?

கிர் முழுக் கோலத்தையும் பார்ப்பதில்லை, ஒரு மூலையை மட்டும் பார்க்கிறது. எச்.எல்.ஏ-சியில் ஏராளமான வகைகள் இருந்தாலும், 80ஆம் இடத்தில் உள்ள அமினோ அமிலத்தை வைத்து எல்லாமே இரண்டு குழுக்களில் அடங்கிவிடும். அங்கே அஸ்பராஜின் இருந்தால் சி1, லைசின் இருந்தால் சி2. கிர்2டி.எல்.1 என்ற ஏற்பி சி2ஐப் பிடிக்கும். கிர்2டி.எல்.2, கிர்2டி.எல்.3 இரண்டும் முக்கியமாக சி1ஐப் பிடிக்கும்.

ஏற்பியின் பக்கமும் இதே கதைதான். 44ஆம் இடத்தில் இருக்கும் ஒற்றை அமினோ அமிலத்தை மாற்றினால், சி1ஐப் பிடித்தது சி2ஐப் பிடிக்கத் தொடங்கிவிடும். இத்தனை பெரிய புரதங்களுக்கு இடையிலான உறவு, ஆளுக்கொரு எழுத்தில் நிற்கிறது.

11. கிர் ஜீன் 19ஆம் குரோமோசோம், எச்.எல்.ஏ. 6ஆம் குரோமோசோம். தனித்தனியா வருதே. பொருந்தாம போனா என் செல்லே என்னை அடிக்காதா?

நியாயமான பயம். சி1 மட்டுமே உள்ள ஒருவரிடம், சி2ஐப் பிடிக்கும் கிர்2டி.எல்.1 மட்டும் அணிந்த என்.கே. செல்கள் இருக்கலாம். அவற்றுக்கு "நில்" சொல்ல உடலில் யாரும் இல்லை. ஆனாலும் அவை ஆபத்தில்லை. வளரும் காலத்தில் "நில்" சமிக்ஞையைப் பெற்றுப் பழகிய செல்தான் முழு வேகத்தோடு அடிக்கும் திறன் பெறுகிறது. பெறாதது மந்தமாகவே இருக்கும். 2005இல் வெளிவந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. இதை லைசென்சிங் என்றும், கல்வி என்றும் சொல்வார்கள்.

கோலமே போடாத தெருவில் வளர்ந்தவருக்குக் கோலம் இல்லாத வாசல் உறுத்தாது அல்லவா, அதுதான். பிறவியிலேயே எச்.எல்.ஏ. முதல் வகை மேலே வராத அரிய நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய என்.கே. செல்கள் சொந்த உடலை அழித்துவிடுவதில்லை, மந்தமாக இருக்கின்றன.

12. எச்.எல்.ஏ-ஈ எதுக்கு? ஏ, பி, சி போதாதா?

ஏ, பி, சி புரதங்கள் தயாராகும்போது, அவற்றின் முன்பகுதியில் ஒரு வழிகாட்டித் துண்டு இருக்கும். வேலை முடிந்ததும் அது வெட்டப்படும். அதிலிருந்து வரும் 9 அமினோ அமிலத் துண்டைத்தான் எச்.எல்.ஏ-ஈ முக்கியமாக ஏந்திக் காட்டுகிறது. என்.கே. செல்லின் என்.கே.ஜி.2ஏ என்ற நிறுத்தும் ஏற்பி அதைப் பிடிக்கும். ஆக, எச்.எல்.ஏ-ஈயைத் தொட்டாலே உள்ளே மற்ற எச்.எல்.ஏ.க்களின் உற்பத்தி ஒழுங்காக நடக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கிர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிபார்க்கிறது, இது மொத்தக் கணக்கு.

13. இவ்வளவும் வைரஸுக்குத் தெரியாதா?

தெரியாமலா? சைட்டோமெகலோ வைரஸ் செய்வதைப் பார்த்தால், என்.கே. செல்லை அது எத்தனை காலமாக எதிர்கொண்டிருக்கிறது என்று புரியும். டி செல்லுக்குத் தெரியக்கூடாது என்று எச்.எல்.ஏ.வை இழுத்துச் சிதைக்கிறது. அதனால் என்.கே. செல் வந்துவிடும் என்பதால், யு.எல்.18 என்ற போலி எச்.எல்.ஏ.வைச் செய்து மேலே அனுப்புகிறது. என்.கே. செல்கள் சிலவற்றில் உள்ள எல்.ஐ.ஆர்-1 என்ற நிறுத்தும் ஏற்பி, உண்மையான எச்.எல்.ஏ.வைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இறுக்கமாக அந்தப் போலியைப் பிடிக்கிறது.

இதோடு விடவில்லை. யு.எல்.40 என்ற வைரஸ் புரதத்தில், 12ஆம் பதிலில் சொன்ன அந்த 9 அமினோ அமிலத் துண்டின் நகல் இருக்கிறது. அதை எச்.எல்.ஏ-ஈயில் ஏற்றி, "இங்கே உற்பத்தி நன்றாக நடக்கிறது" என்று காட்டுகிறது. யு.எல்.16 என்ற இன்னொன்று மைக்-பியையும் சில யு.எல்.பி.பி. புரதங்களையும் செல்லுக்குள்ளேயே பிடித்து வைக்கிறது. வாசலில் போலிக் கோலம், சன்னலில் புகை தெரியாமல் ஈரச்சாக்கு.

புற்றுச் செல்களுக்கும் தந்திரம் உண்டு. மைக்-ஏவை வெட்டி ரத்தத்தில் மிதக்கவிடும். மிதக்கும் துண்டுகளே என்.கே.ஜி.2டி ஏற்பியில் போய் ஒட்டி, அதன் எண்ணிக்கையைக் குறைத்துவிடும்.

14. வயித்துல இருக்குற குழந்தை பாதி அப்பா. அதை ஏன் அடிக்கல?

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருப்பை உட்சுவரில் உள்ள வெள்ளணுக்களில் சுமார் 70 சதவீதம் என்.கே. செல்கள்தான் என்றால் நம்ப முடிகிறதா? அவை ரத்தத்தில் உள்ளவற்றைப் போன்றவை அல்ல. கொல்லும் வேகம் குறைவு. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தரும் தமனிகள் அகல உதவுவது அவற்றின் முக்கிய வேலை. நஞ்சுக்கொடியிலிருந்து உட்சுவருக்குள் ஊடுருவும் செல்களில் எச்.எல்.ஏ-ஏ, எச்.எல்.ஏ-பி இருக்காது. சி, ஈ, ஜி மூன்றும் இருக்கும்.

இங்கே "நில்" அதிகமானாலும் தொந்தரவு. தாயிடம் தூண்டும் கிர் மிகக் குறைவாக உள்ள ஏ-ஏ என்ற தொகுப்பும், குழந்தையிடம் சி2வும் அமைந்தால் முன்சூல்வலிப்பு என்ற ரத்த அழுத்தக் கோளாறுக்கு வாய்ப்புக் கூடுவதை 2004இல் கேம்பிரிட்ஜ் குழு காட்டியது.

15. ரெண்டு தடவை கரு கலைஞ்சிடுச்சு. ரத்தத்துல என்.கே. செல் அதிகம்னு ரிப்போர்ட் வந்திருக்கு. அதுதான் காரணமா?

அந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இதை மனதார அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தன் உடலே தன் குழந்தையைக் கொன்றுவிட்டதாக அழுத பெண்ணுக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். முந்தைய பதிலில் பார்த்தபடி, ரத்தத்தில் உள்ளவையும் கருப்பையில் உள்ளவையும் வேறு வேறு. ரத்தத்தில் உள்ள எண்ணிக்கை, மாடிப்படி வேகமாக ஏறினாலே சில நிமிடங்களுக்குக் கூடும். தொடர் கருச்சிதைவுக்காக இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் ஐரோப்பிய கருவுறுதல் மருத்துவ அமைப்பான எஷ்ரேயின் வழிகாட்டியும். இந்த முடிவை மட்டும் வைத்து விலை உயர்ந்த சிகிச்சை சொல்லப்பட்டால், இன்னொரு மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

16. என்.கே. செல்லைக் கூட்ட என்ன சாப்பிடணும்?

எண்ணிக்கை கூடினால் அடிக்கும் என்பதே தவறு. எட்டாம் பதிலைப் பாருங்கள்: தொட்ட செல்லில் என்ன இருக்கிறது என்பதுதான் முடிவு செய்யும். தனியாக ஒரு பவுடரும் வேண்டாம்.

17. புற்றுநோய்க்கு இதை வெச்சு மருந்து இருக்கா?

ஒன்று ஏற்கெனவே பரவலாகப் பயன்படுகிறது. என்.கே. செல்லில் சி.டி.16 என்ற ஏற்பி இருக்கிறது. ஆன்டிபாடி எதிலாவது ஒட்டியிருந்தால் அதன் வால் பகுதியை இது பிடிக்கும். லிம்போமாவுக்குத் தரும் ரிட்டுக்சிமாப், மார்பகப் புற்றுக்குத் தரும் டிராஸ்டுசுமாப் ஆகியவை வேலை செய்யும் வழிகளில் ஒன்று இது: மருந்து புற்றுச் செல்லில் ஒட்டும், என்.கே. செல் மருந்தைப் பிடித்துக்கொண்டு அடிக்கும்.

இன்னொரு வழி, பாதிப் பொருத்தமுள்ள கொடையாளியின் எலும்பு மஜ்ஜை. கொடையாளியின் கிர், நோயாளியின் எச்.எல்.ஏ.வில் தனக்குரிய "நில்"லைக் காணாவிட்டால், மிஞ்சியிருக்கும் லுக்கேமியா செல்லை அடிக்கும். 2002இல் இத்தாலியின் பெருஜியா குழு ஒருவகை ரத்தப் புற்றில் நல்ல பலனைக் காட்டியது. பின்னர் வேறு மாற்று முறைகளில் பலன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரவில்லை. 2020இல் ஹூஸ்டனில், தொப்புள்கொடி ரத்தத்து என்.கே. செல்லில் செயற்கை ஏற்பியைப் பொருத்திக் கொடுத்தபோது 11 பேரில் 8 பேருக்குப் பலன் தெரிந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நான் ஆவலோடு கவனித்து வரும் திசை இது.

18. என்.கே. செல்லே இல்லாம ஒருத்தர் இருக்க முடியுமா?

1989இல் அமெரிக்காவில் ஒரு பதின்ம வயதுப் பெண்ணைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். என்.கே. செல் இல்லை. சின்னம்மை, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்று ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் ஒவ்வொன்றாகக் கடுமையாகத் தாக்கின. எச்.எல்.ஏ.வை மறைப்பதில் தேர்ந்த குடும்பம் அது.

19. டி செல்லுக்கு ஞாபகம் உண்டு. என்.கே. செல்லுக்கு இல்லைன்னு படிச்சோமே?

அப்படித்தான் நானும் படித்தேன். 2009இல் எலிகளில் அது மாறியது. எலியின் சைட்டோமெகலோ வைரஸில் எம்157 என்ற புரதத்தை எல்.ஒய்.49எச் என்ற தூண்டும் ஏற்பி நேரடியாகப் பிடிக்கும். அந்த ஏற்பியுள்ள என்.கே. செல்கள் தொற்றின்போது பெருகி, பிறகு பல வாரங்கள் தங்கி, மறுபடி வைரஸ் வந்தால் வேகமாகப் பதில் தருகின்றன.

மனிதரில் இதே வைரஸ் தொற்றியவர்களிடம் என்.கே.ஜி.2சி என்ற தூண்டும் ஏற்பியுள்ள என்.கே. செல்கள் பெருகியிருக்கும். இந்த ஏற்பி, என்.கே.ஜி.2ஏவின் நெருங்கிய உறவு. இதுவும் எச்.எல்.ஏ-ஈயைத்தான் பிடிக்கிறது. 13ஆம் பதிலில் வைரஸ் ஏற்றிவிட்ட யு.எல்.40 துண்டு நினைவிருக்கிறதா? வைரஸின் வகைக்கு வகை அதில் ஓர் அமினோ அமிலம் மாறுகிறது. என்.கே.ஜி.2ஏவை ஏமாற்ற எழுதிய அந்தத் துண்டில் உள்ள சிறு வேறுபாட்டை இந்தச் செல்கள் பிரித்தறிகின்றன என்றும், துண்டைப் பொறுத்துக் கூடவோ குறையவோ பெருகுகின்றன என்றும் 2018இல் வந்த ஆய்வு காட்டியது.